5.1 கிலோ ஓம்

பவர் பேங்கையும் செல்போனையும் ஒரு டைப்-சி கேபிளால் இணைக்கிறோம். கேபிளின் இரு முனையும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. இரண்டு பக்கமும் பேட்டரி. அப்படியிருக்க, மின்சாரம் பவர் பேங்கிலிருந்து போனுக்குப் போவது எப்படி? போனிலிருந்து ஏன் திரும்பி ஓடுவதில்லை?

பழைய யூஎஸ்பியில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. தட்டையான பெரிய முனை கொடுக்கும் பக்கம். சின்ன முனை வாங்கும் பக்கம். 2014-ல் வந்த டைப்-சி அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. திசையைச் சொல்லும் பொறுப்பு முனையின் வடிவத்திலிருந்து உள்ளே இருக்கும் ரெசிஸ்டருக்கு மாறியது.

கருவியில் கேபிளைச் செருகும் டைப்-சி துளைக்குள் 24 பின்கள். அவற்றில் சிசி1, சிசி2 என்ற இரண்டுக்குத்தான் இந்த வேலை. வாங்கும் கருவியில் இவை ஒவ்வொன்றும் தனித்தனி 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக கிரவுண்டோடு சேர்ந்திருக்கும். சார்ஜரோ தன் பக்கத்து ரெசிஸ்டர் வழியாக அதே பின்களில் சிறிது வோல்டேஜ் வைத்துக் காத்திருக்கும். கேபிளைச் செருகியதும் அந்த வோல்டேஜ் இறங்குகிறது. எதிரே வாங்க ஒரு கருவி வந்திருக்கிறது என்று சார்ஜருக்குத் தெரிவது அப்போதுதான். அதுவரை அது மின்சாரத்தைத் திறந்துவிடாது. எந்தப் பின்னில் இறங்கியது என்பதை வைத்து, கேபிள் எந்தப் பக்கமாகச் செருகப்பட்டிருக்கிறது என்பதையும் கண்டுகொள்ளும். இவ்வளவு பெரிய காரியத்தை இவ்வளவு சின்னப் பொருளிடம் ஒப்படைத்த பொறியாளர்களை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

போன், பவர் பேங்க், லேப்டாப் போன்றவை இரண்டு வேலையும் செய்யக்கூடியவை. எதோடும் இணையாதபோது இத்தகைய துளை 'தருகிறேன்', 'வாங்குகிறேன்' என்று நொடிக்கு 10 முதல் 20 முறை மாறிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட இரண்டு போன்களை இணைத்தால், ஒன்று 'தருகிறேன்' என்னும்போது மற்றது 'வாங்குகிறேன்' என்றிருந்தால் அதுவே திசை. கழற்றி மாட்டினால் திசை மாறவும் கூடும். இதைத் தவிர்க்க, முதலில் கொடுக்கப் பார் என்று பவர் பேங்கையும், முதலில் வாங்கப் பார் என்று போனையும் பழக்கிவைக்க விதிமுறையில் இடமுண்டு. பிறகு பவர் டெலிவரி என்ற முறையில் இரு கருவிகளும் அதே சிசி கம்பி வழியே பேசி, எத்தனை வோல்ட் என்று முடிவுசெய்கின்றன. கழற்றாமலே திசையை மாற்றிக்கொள்ளவும் முடியும். 2021-ல் வந்த விதிமுறைப்படி 48 வோல்ட், 240 வாட் வரை போகலாம்.

கோபம் வருவது மலிவான டிரிம்மர், டார்ச், குட்டி மின்விசிறி விஷயத்தில். வெளியே டைப்-சி துளை. உள்ளே அந்த ரெசிஸ்டர் கிடையாது. நல்ல சார்ஜரில் சி-டு-சி கேபிளை மாட்டினால் அசையாது. பழைய தட்டை முனைக் கேபிளில் மட்டும் ஏறும், ஏனென்றால் பழைய சார்ஜர் யாரையும் கேட்காமல் 5 வோல்ட்டை எப்போதும் வைத்திருக்கிறது. சார்ஜர் பழுது என்று நினைத்து இன்னொன்று வாங்குகிறவர்கள் எத்தனை பேர்! 2019-ல் வந்த ராஸ்பெர்ரி பை 4 கணினியிலேயே இரண்டு பின்னையும் ஒரே ரெசிஸ்டரில் சேர்த்துவிட்டார்கள். அதனால் சிப் பொருத்திய தரமான கேபிள்கள் சிலவற்றில் அது உயிர்பெறவில்லை. அவர்கள் தவறை ஒப்புக்கொண்டு அடுத்த பதிப்பில் திருத்தினார்கள். டிரிம்மர்காரர்கள் அதைக்கூடச் செய்வதில்லை.

2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய போன்களுக்கு டைப்-சி கட்டாயம். வீட்டுக்கு ஒரு சார்ஜர் போதும், குப்பை குறையும் என்பதே நோக்கம். ரெசிஸ்டரில் மிச்சம்பிடிக்கும் ஒவ்வொரு கருவியும் அந்த நோக்கத்தைக் கெடுக்கிறது. சில்லறைக் காசுக்காக இதைச் செய்வது வாங்குகிறவரை ஏமாற்றுவதுதான்.

டைப்-சி என்று எழுதியிருக்கும் எந்தச் சின்னக் கருவியை வாங்கினாலும், கடையிலேயே இரு முனையும் சி ஆக உள்ள கேபிளில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். சார்ஜ் ஏறவில்லையென்றால் வாங்காதீர்கள்.