ஒரே கிணறு, ரெண்டு ரிப்போர்ட்... நிலத்தடி நீர் சோதனையில் சின்ன பம்ப் ஏன் முக்கியம்?

சென்னைக்கு வடக்கே சுமார் 45 கி.மீ. தூரத்தில் உள்ளது கும்மிடிப்பூண்டி. இங்குள்ள சிப்காட்டில் இரும்பு உருக்காலைகள், பழைய பேட்டரி ஈயத்தை உருக்கும் ஆலைகள், ரசாயன ஆலைகள் எனப் பல இயங்குகின்றன. இப்படி ஒரு இடத்தில் சுற்றுவட்டார மக்களுக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: நிலத்தடி தண்ணி கெட்டுப்போச்சா?

பதில் சொல்வது லேப். ஆனால் அந்தப் பதில் சரியாக வருமா என்பது கிணற்றடியிலேயே முடிவாகிவிடும்.

பம்ப் முடிவை மாற்றுமா?

மாற்றும். குடிநீரில் ஈயத்துக்கு இந்திய தர நிர்ணய அமைப்பின் வரம்பு லிட்டருக்கு வெறும் 0.01 மில்லிகிராம். இவ்வளவு நுணுக்கமான கணக்கில் சின்னத் தவறும் பெரிதாகத் தெரியும்.

வேகமாக இறைத்தால் அடியில் உள்ள சேறு கலங்கும். மாதிரி கெடாமல் இருக்க அமிலம் சேர்க்கும்போது, சேற்றில் ஒட்டிய உலோகமும் கரைந்து அளவு கூடும். மாறாக, தண்ணியில் காற்று கலந்தால் கரைந்திருந்த இரும்பு துருவாகப் படியும். ஆர்சனிக், ஈயம் போன்றவற்றையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். வடிகட்டினால் அளவு குறையும். ஆக, ஆலை மேல் வீண்பழி விழலாம். உண்மையான மாசு மறைந்தும் போகலாம்.

சின்ன பம்ப் என்ன செய்கிறது?

4 அங்குல கிணற்றில் 10 மீட்டர் தண்ணி நின்றால், அது சுமார் 80 லிட்டர். தேங்கிய தண்ணியை வெளியேற்ற, அதைப் போல 3 மடங்கு, அதாவது 240 லிட்டர் இறைப்பது பழைய வழக்கம். கண்காணிப்புக் கிணறுகளில் இப்போது இன்னொரு வழி உண்டு. பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப்பை இறக்கி, நிமிடத்துக்கு அரை லிட்டருக்குள் மெதுவாக எடுப்பார்கள். அமிலத்தன்மை, மின்கடத்துத்திறன், கலங்கல் ஆகியவை அடுத்தடுத்து 3 முறை ஏறக்குறைய மாறாமல் நின்றால்தான் பாட்டிலில் பிடிப்பார்கள்.

அந்த பம்ப்பை யார் சோதிப்பது?

இங்கேதான் விஷயமே இருக்கு. களத்துக்குப் போகும் முன் 3 சோதனைகள் அவசியம்.

* ஆழம்: மேலே வைத்து உறிஞ்சும் பம்ப் சுமார் 7 மீட்டருக்குக் கீழே உள்ள தண்ணியை இழுக்காது. நீர்மட்டம் அதைவிட ஆழத்தில் இருந்தால், தண்ணிக்குள் இறங்கும் பம்ப்தான் வேண்டும்.
* ஓட்டம்: பேட்டரி இறங்கினாலும் அளவு சீராக வருகிறதா? அளவு ஜாடியும் கடிகாரமும் போதும்.
* சுத்தம்: காய்ச்சி வடித்த நீரை பம்ப், குழாய் வழியாக ஓட்டி லேபுக்கு அனுப்ப வேண்டும். அதிலேயே ஈயம் தெரிந்தால் கோளாறு கிணற்றில் இல்லை, பம்ப்பில்.

மக்கள் என்ன கேட்கலாம்?

ஒரே கிணற்றுக்கு ரெண்டு ரிப்போர்ட் வேறுபட்டால், லேப் பெயரை மட்டும் பார்க்க வேண்டாம். எந்த பம்ப், எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் ஓடியது, வடிகட்டினார்களா, சுத்த நீர் சோதனை நடந்ததா? இந்த விவரங்கள் இல்லாத ரிப்போர்ட்டை வைத்து ஆலையைக் குற்றம் சொல்லவும் முடியாது, நற்சான்று தரவும் முடியாது.