வேகம் குறைந்தது எங்கே?



இம்முறை ஒரு பெட்டியைப் பற்றியும், ஒரு கம்பியைப் பற்றியும், அவற்றால் நான் இழந்த ஒன்றைப் பற்றியும் எழுதுகிறேன். கணினி சங்கதி நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். உங்கள் வீட்டுத் திருமணப் படமும், பிள்ளையின் பிறப்புப் பத்திரப் பிரதியும் இன்று கைப்பேசியிலோ மடிக்கணினியிலோதானே இருக்கின்றன? 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருப்பவர்களுக்கு அது ஓர் எச்சரிக்கை.

எங்கள் தோட்டத்தில் பால் மரங்களை அழித்துச் செம்பனை நட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது பழைய லயங்களும் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. அவை போவதற்கு முன் வீடு வீடாகச் சென்று பழைய படங்களைப் பிரதி எடுத்தேன். முதியவர்களைப் பேசச் சொல்லிப் படம் பிடித்தேன். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 200 ஜிகாபைட். இவற்றுக்கு இன்னொரு பிரதி வேண்டுமென்று பழைய மாணவர்கள் பணம் சேர்த்து ஒரு வலைச் சேமிப்புப் பெட்டி வாங்கித் தந்தார்கள். கடைக்காரர்கள் இதை ‘நாஸ்’ என்பார்கள். உள்ளே இரண்டு வட்டுகள். வீட்டு ரூட்டரோடு கம்பியால் இணைத்து விட்டால், வீட்டிலுள்ள எந்தக் கணினியிலிருந்தும் அதில் கோப்புகளைப் போட்டு வைக்கலாம்.

பெட்டி வந்தது, வேகம் வரவில்லை. மாலையில் தொடங்கிய நகல் நள்ளிரவு தாண்டியும் முடியவில்லை. இடி மின்னல் வந்தால் எல்லாவற்றையும் பிடுங்கி வைக்க வேண்டும். விட்டு விட்டு நான்கு இரவுகளில் ஒருவழியாக முடித்தேன். இணையம்தான் மெதுவென்று நினைத்துக் கூடுதல் வெள்ளி கட்டிப் பெரிய திட்டத்திற்கு மாறினேன். ஒரு மாற்றமும் இல்லை. அறியாமையால் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் முதலிலிருந்து நகல் எடுத்துக் கொண்டிருந்தேன். சலித்துப் போய், “பள்ளி விடுமுறையில் பார்த்துக் கொள்ளலாம்” என்று விட்டு விட்டேன். மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

அந்த மூன்று வாரத்தில்தான் கடைசி லயத்துப் பாட்டி பேசினார். 1948-இல் ஒன்பது வயதுச் சிறுமியாக ‘ரஜூலா’ கப்பலில் வந்து இறங்கியது முதல், தாயோடு நிரைக்குப் போய் மங்கு துடைத்த நாள் வரை ஒன்றரை மணி நேரம் சொன்னார். பத்து நாளில் கூரை ஒழுகி மடிக்கணினி நனைந்து போயிற்று. முன்பு எடுத்தவை எல்லாம் பெட்டியில் இருந்தன. பாட்டியின் பேச்சு மட்டும் இல்லை. மறுபடி கேட்டு வாங்கலாம் என்று நான் போவதற்குள் அவர் காலமாகி விட்டார்.

புதுக் கணினி வாங்கிய பிறகும் அதே ஆமை வேகம். பெட்டியையே மாற்றி விடலாமென்று இருந்தேன். அப்போது என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளியின் மகள், ஈப்போவில் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள்.

“சார், எதையும் வாங்காதீங்க. முதல்ல அளந்து பார்ப்போம்” என்றாள்.

பெரிய கோப்பு ஒன்றை மட்டும் நகலெடுக்கச் சொன்னாள். திரையில் விநாடிக்கு 11 மெகாபைட் என்று காட்டியது. “இந்த 11-ஐப் பார்த்தாலே தெரியுது சார். கம்பி 100-ல ஓடுது, 1000-ல ஓடணும்.”

அவள் விளக்கியதைச் சொல்கிறேன். வலையின் வேகத்தைப் பிட் கணக்கில் சொல்வார்கள், கோப்பின் அளவைப் பைட் கணக்கில் சொல்வார்கள். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே 1000 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு 125 மெகாபைட் போக வேண்டும், நடைமுறையில் 110 அளவில் போகும். 100 மெகாபிட் இணைப்பில் 11 அல்லது 12-தான். 200 ஜிகாபைட்டுக்கு முதலாவதில் அரை மணி நேரம் போதும். இரண்டாவதில் ஐந்து மணி நேரம்.

அந்தக் கம்பிக்குள் எட்டு இழைகள், நான்கு இணைகளாக முறுக்கியிருக்கும். 1000-க்கு நான்கு இணையும் வேண்டும், 100-க்கு இரண்டே போதும். 100-க்குத் தேவைப்படாத இணைகளில் ஓர் இழை அறுந்தால், கருவிகள் பெரும்பாலும் தமக்குள் பேசிக்கொண்டு 100-க்கு இறங்கி வேலையைத் தொடரும் என்றாள். நமக்குத் தெரிவது வேகக் குறைவு மட்டுமே. எங்கள் கம்பி கதவிடுக்கில் நசுங்கிக் கிடந்தது. வேறு கம்பி போட்டோம், 108 வந்தது. இணையத் திட்டத்திற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கணினியிலிருந்து பெட்டிக்குப் போவது வீட்டுக்குள்ளேயே நடக்கும் போக்குவரத்து.

உங்கள் வீட்டிலோ பிள்ளைகளின் பள்ளியிலோ இப்படி நேர்ந்தால் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் வைஃபையை விட்டுக் கம்பியில் செய்து பாருங்கள். சுவரும் தூரமும் வைஃபை வேகத்தைத் தின்று விடும்.

இரண்டாவது, கணினியின் அமைப்புகளில் இணைப்பு வேகம் 1000-ஆ 100-ஆ என்று பாருங்கள். 100 என்றால் கம்பியை மாற்றுங்கள். பிறகும் அதே என்றால், ரூட்டரோ மடிக்கணினியில் செருகும் மாற்றியோ 100-க்கு மேல் போகாத வகையாக இருக்கலாம்.

மூன்றாவது, பெரிய கோப்பு வேகமாகப் போய் ஆயிரம் சிறு படங்கள் மட்டும் ஊர்ந்தால் அது கோளாறல்ல. பால் ஸ்டோரில் ஒரு பெரிய வாளியை நிறுப்பதும், அதே பாலை நூறு மங்கில் கொண்டு வந்து ஒவ்வொன்றாக நிறுத்துக் கணக்கு எழுதுவதும் ஒன்றாகுமா? சிறு கோப்புகளை ஒரே பொதியாகக் கட்டி அனுப்புங்கள்.

நான்காவது, இணைப்பு 1000 இருந்தும் பெரிய கோப்பு தடுமாறினால் வட்டைச் சந்தேகியுங்கள். பெட்டியின் அமைப்பில் வட்டின் நலம் பற்றிய அறிக்கை இருக்கும். அதில் எச்சரிக்கை இருந்தால் அன்றே வேறிடத்தில் பிரதி எடுத்து விடுங்கள்.

ஐந்தாவது, மாறியதை மட்டும் நகலெடுக்கும் செயலியை வையுங்கள். முதல் நாள் நேரமாகும், பிறகு நிமிடங்களில் முடியும்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதும் அளந்து பாருங்கள். ஐந்தையும் ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.

நகல் எடுத்தால் போதாது, வாரம் ஒரு கோப்பையாவது திறந்து பார்க்க வேண்டும். ஒரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். ஒரே கூரையின் கீழ் இருக்கும் பெட்டிக்கும் கணினிக்கும் ஒழுக்கும் ஒன்று, மின்னலும் ஒன்று.

வகுப்பில் மெதுவாக எழுதும் பிள்ளையைக் கண்டிப்பதற்கு முன், கரும்பலகை கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேளுங்கள் என நான் புது ஆசிரியர்களுக்குச் சொல்வதுண்டு. பெட்டி விஷயத்தில் நானே அதைச் செய்யவில்லை. மெதுவாக நடக்கிற காரியத்தை நாம் மெல்ல மெல்லக் கைவிட்டு விடுகிறோம். அதனால்தான் வேகக் குறைவைச் சிறு தொல்லையென்று தள்ளி வைக்கக் கூடாது.

உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அன்று இரவே இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.