ஊசியில் மூட்டு முளைக்குமா?

"தேய்ந்த மூட்டை ஊசியாலேயே திரும்ப வளர்க்கலாம், ஆபரேஷன் வேண்டாம்." முழங்கால் வலிக்காரர்களைக் குறிவைக்கும் விளம்பரங்களின் சாரம் இதுதான். பி.ஆர்.பி., ஸ்டெம் செல் என்று பெயர் மாறும், வாக்குறுதி மாறாது. அதைத் தாங்கி நிற்கும் வாதங்களை உரசிப் பார்த்தால், தவறு ஊசிக்கு வெகு முன்பே, ஸ்கேன் படத்தைக் காட்டிப் பேசத் தொடங்கும்போதே நடந்துவிடுவது தெரியும்.

"எம்.ஆர்.ஐ.யில் ஜவ்வு கிழிந்திருக்கிறதே, வலிக்கு அதுதானே காரணம்?" இது முதல் வாதம். அமெரிக்காவின் ஃப்ராமிங்காம் ஊரில், வலி உள்ளவர்களை மட்டும் பொறுக்காமல், 50 முதல் 90 வயது வரையிலான 991 பேருக்கு முழங்கால் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 2008இல் முடிவு வெளியானது. ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் முழங்காலில் வலியே இல்லை. 2012இல் வந்த இன்னொரு ஆய்வில், எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியாத 710 பேரில் 89 சதவீதம் பேருக்கு எம்.ஆர்.ஐ. ஏதாவதொரு கோளாறைக் காட்டியது. ஐம்பதைத் தாண்டிய முழங்காலைப் படமெடுத்தால் ஏதோ ஒன்று அகப்படத்தான் செய்யும். வலிக்கு அதுதான் காரணமா என்பதைத் தீர்மானிக்கக் காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

தொட்டுப் பார்க்கிற மருத்துவர் முதலில் நோயாளியை நடக்கச் சொல்வார். பிறகு படுக்கவைத்து மூட்டு இணையும் கோட்டை விரலால் அழுத்திக்கொண்டே போவார், நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பார். மூட்டுக்குச் சற்றுக் கீழே, உட்பக்கத்தில் ஒரே இடத்தில் சுரீரென்றால் அங்குள்ள தசைநாண்களையும் நீர்ப்பையையும் சந்தேகிப்பார். மாடிப்படி இறங்கும்போது முன்பக்கம் வலிக்கிறது என்றால் முழங்கால் சில்லின் பக்கம் போவார். தொடையை உள்பக்கமாகத் திருப்பும்போது வலி முழங்காலில் எழுந்தால், கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கலாம். அந்த ஆளுக்கு முழங்காலில் எந்த ஊசி போட்டாலும் காசுதான் கரையும். வயது 45க்கு மேல், நடந்தால் வலி, காலை விறைப்பு இல்லை அல்லது அரை மணிக்குள் அடங்கிவிடுகிறது என்றால், தேய்மானம் என்று சொல்லப் பெரும்பாலும் ஸ்கேனே தேவையில்லை என்கிறது சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு. விறைப்பு அதற்கு மேலும் நீடித்தால் முடக்குவாதத்தை நினைக்க வேண்டும். காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடுத்தது, "ஊசி குருத்தெலும்பை வளர்க்கிறது" என்ற பேச்சு. பி.ஆர்.பி. என்பது கையிலிருந்து எடுத்த ரத்தத்தை இயந்திரத்தில் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த மஞ்சள் நீரைப் பிரித்து மூட்டுக்குள் செலுத்துவது. தட்டணுக்கள் வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கும் என்பது உண்மை. ஆனால் வயது வந்தவரின் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது, தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் திறனும் மிகக் குறைவு. அதை எழுப்பிவிட ஒரு ஊசி போதுமா என்று ஆஸ்திரேலியாவில் சோதித்தார்கள். மிதமான தேய்மானமுள்ள 288 பேரில் ஒரு பாதிக்கு வாரம் ஒன்றாக மூன்று பி.ஆர்.பி. ஊசி, மறு பாதிக்கு வெறும் உப்பு நீர். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. 2021இல் வெளியான முடிவு: ஓராண்டில் குருத்தெலும்பு பி.ஆர்.பி. குழுவில் 1.4 சதவீதமும் உப்பு நீர்க் குழுவில் 1.2 சதவீதமும் குறைந்திருந்தது. இரண்டிலும் கூடவில்லை.

"என் மாமாவுக்கு நன்றாகக் கேட்டதே!" என்பவர்களுக்கும் இதே ஆய்வில் பதில் இருக்கிறது. பத்துக்கு எத்தனை என்று கேட்டபோது, பி.ஆர்.பி. குழுவில் வலி 2.1 புள்ளி இறங்கியிருந்தது. உப்பு நீரிலும் 1.8 இறங்கியிருந்தது. மூட்டு வலி கடலலைபோல ஏறி இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் மருத்துவரைத் தேடுகிறார், பிறகு தானாக இறங்குவதும் ஊசியின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. மாமா பொய் சொல்லவில்லை. பி.ஆர்.பி.யால் சில மாதம் வலி குறைந்ததாகச் சொல்லும் சிறு ஆய்வுகளும் உண்டு. வலி குறைகிறது என்று விற்றால் விவாதிக்கலாம். மூட்டு வளர்கிறது என்று விற்பதைத்தான் ஏற்க முடியாது.

ஸ்டெம் செல்லுக்கு மவுசு இன்னும் அதிகம். அமெரிக்காவில் 2023இல் முடிவு வெளியான பெரிய சோதனையில், எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகிய மூன்று வழிச் செல்களையும் மலிவான ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் மூன்றில் எதுவும் ஸ்டீராய்டை மிஞ்சவில்லை. "இந்தியாவில் அரசே அனுமதித்திருக்கிறதே" என்பார்கள். 2022இல் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி முழங்கால் தேய்மானத்துக்கு ஒரு தயாரிப்பை அனுமதித்தது உண்மைதான். ஆனால் அது குறிப்பிட்ட நிலைத் தேய்மானத்துக்கான குறிப்பிட்ட மருந்து. தெருமுனை கிளினிக் வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி முழங்காலில் செலுத்துவதற்கு அந்த அனுமதிச் சீட்டு செல்லாது.

"சொந்த ரத்தம், பக்க விளைவே இல்லை" என்பதும் அரை உண்மை. ஒவ்வாமைக்கு வாய்ப்புக் குறைவு. மூட்டுக்குள் ஊசி நுழையும் எந்தச் சிகிச்சையிலும் கிருமித் தொற்றுக்கு வாய்ப்பு இருக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சலூட்டுவது, "தேய்மானம் இருக்கிறது, நடக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு ஊசியை நீட்டுவது. தொடையின் முன்தசையை வலுவாக்கும் பயிற்சியும், உடல் பருத்தவர்கள் எடை குறைப்பதும் உலகின் முக்கிய வழிகாட்டிகள் அனைத்திலும் முதல் வரிசையில் இருக்கின்றன. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைச் சில மாதங்கள் விடாமல் செய்ய வைப்பது பிசியோதெரபிஸ்டுக்குப் பெரும்பாடு. அதில் விளம்பரம் செய்ய ஒன்றுமில்லை.

கால் வில்லாக வளைந்து, எலும்போடு எலும்பு உரசி, இரவில் தூக்கமும் போனவருக்கு நிலைமை வேறு. அவருக்கு மூட்டு மாற்று அறுவை நல்ல பலன் தரும் சிகிச்சை. 2017 ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு மத்திய அரசு உச்ச விலை நிர்ணயித்தது. அந்த அறுவைக்குச் சேர்த்து வைத்த பணத்தில்தான் பலர் முதலில் ஊசி போட்டுக்கொள்கிறார்கள்.