தண்டவாளம் இல்லாத ஊரில் ஒரு ரயில் பெட்டி

வண்டூரில் தண்டவாளம் இல்லை. அந்தமான் தீவுகளில் எங்கும் பயணிகள் ரயில் ஓடுவதில்லை. கடற்பூங்காவிற்குச் செல்லும் படகுகளையே இவ்வூர்ச் சிறுவர்கள் காண்கின்றனர். இங்கே ரயில் பெட்டியின் மாதிரியைச் செய்வது வீண்வேலை எனச் சிலர் கருதலாம். அக்கருத்துப் பொருந்தாது.

கடையில் வாங்கிய பொம்மை ரயில் அன்றே ஓடும். உதிரிப் பாகங்களை இணைத்துச் செய்யும் மாதிரியோ, செய்பவரைச் சிந்திக்க வைக்கும். சென்னை பெரம்பூரில் 1955ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை பல்லாண்டுகள் உருவாக்கிய பெட்டியின் நீளம் ஏறத்தாழ 21.3 மீட்டர். மாதிரிகளுக்குப் பெரிதும் வழங்கும் அளவு 87இல் ஒரு பங்கு. அவ்வாறு சுருக்கினால் நீளம் 24.5 சென்டிமீட்டர் ஆகும். சன்னலும் கதவும் படியும் அதே விகிதத்தில் சுருங்க வேண்டும். பாடநூலில் படித்த விகிதக் கணக்கைச் சிறுவர்கள் இங்கே கைகளால் செய்து அறிகின்றனர்.

பசையிடும் முன் ஒவ்வொரு பாகத்தையும் பொருத்திப் பார்த்தல் வேண்டும். அச்சு சற்றே கோணினாலும் பெட்டி தடம் புரளும். மாதிரியில் அதனை மீண்டும் சரிசெய்யலாம். உண்மை ரயிலில் அது பயணிகளின் உயிரைப் பற்றியது. இதனை உணர்ந்த சிறுவர்கள், விடுமுறையில் கப்பலேறிச் சென்னையை அடைந்து, தாத்தா பாட்டியின் ஊருக்கு ரயிலில் செல்லும்போது, அப்பெட்டியைச் செய்த தொழிலாளர்களை நன்றியுடன் நினைப்பர்.

நாள்தோறும் ரயிலைக் காண்போர் அதனைக் கூர்ந்து நோக்குவதில்லை. ஆகவே, ரயில் இல்லாத ஊர்ச் சிறுவர்களுக்கே இப்பயிற்சி மிகவும் தேவை.