பொன்னுக்கு வீங்கி

கோவில்பட்டிக் கரிசற்சீமையிற் குழந்தையின் கன்னம் வீங்கின், அயல்வீட்டுப் பொற்சங்கிலியை இரவல் வாங்கிக் கழுத்தில் அணிவிப்பதுண்டு. அஃது அன்பின் செயலே, மருந்தன்று. உமிழ்நீர்ச் சுரப்பிகளைப் பற்றும் நச்சுயிரியால் வரும் இந்நோய் பெரும்பாலும் தானே தணியும். அரிதாக ஒரு குழந்தையின் செவியை என்றும் கேளாதாக்கிவிடும்.

இதற்குரிய தடுப்பூசி அமெரிக்காவில் 1967-லேயே உரிமம் பெற்றது. நம் நாட்டில் 2017-இல் அரசு தொடங்கிய ஊசியோ தட்டம்மை, ரூபெல்லா என்னும் இரண்டையே தடுப்பது. பொருளுடையார் தனி மருத்துவரிடம் மூன்றுக்குமுரிய ஊசியை விலைக்குப் பெறுவர். தீப்பெட்டி ஆலையிற் கூலிசெய்யும் தாய் என் செய்வாள்?

வீக்கங் கண்ட ஐந்து நாள் குழந்தையைப் பள்ளிக்கு விடாதிருத்தல் பெற்றோர் கடன்; மூன்றாவதையும் இலவச ஊசியிற் சேர்த்தல் அரசின் கடன். இரவற் சங்கிலி உரியவரிடம் திரும்பும். இழந்த செவிப்புலன் திரும்புமோ?