வாலு பிள்ளையும் கலர் சாயமும்

வீட்டில் ஒரு பிள்ளை ஓரிடத்தில் உட்காராமல் சுற்றிக்கொண்டே இருந்தால் முதலில் கிடைக்கிற பட்டம் ‘வாலு’. அடுத்துக் கிடைப்பது அடி. சாயங்காலம் என்ன தின்றான், என்ன குடித்தான் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்பவர்களும் உடனே கை காட்டுவது சர்க்கரையைத்தான். பாவம் சர்க்கரை, இந்த வழக்கில் அதன் மேல் குற்றம் நிரூபணம் ஆகவே இல்லை!

1994ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு வேடிக்கையானது. சில அம்மாக்களிடம், “உங்கள் பையனுக்கு நிறைய சர்க்கரை கொடுத்திருக்கிறோம்” என்று சொன்னார்கள். அந்த அம்மாக்களுக்கு மட்டும் பையன் வழக்கத்தைவிட அதிகமாக ஆட்டம் போடுவதாகத் தெரிந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து அதிகமாகக் குறையும் சொன்னார்கள். உண்மையில் எந்தப் பையனுக்கும் சர்க்கரை கொடுக்கப்படவில்லை. கொடுத்தது அஸ்பார்டேம் கலந்த பானம்.

அப்படியானால் சாப்பாட்டுக்கும் சேட்டைக்கும் சம்பந்தமே இல்லையா? அப்படியும் சொல்லிவிட முடியாது. 1970களில் கலிபோர்னியாவைச் சேர்ந்த பென் ஃபைன்கோல்ட் என்ற அலர்ஜி மருத்துவர், செயற்கைச் சாயங்கள்தான் பிள்ளைகளை இப்படி ஆக்குகின்றன என்றார். அவர் சொன்ன அளவுக்கு ஆதாரம் கிடைக்காததால் பலர் அதை ஒதுக்கிவிட்டார்கள். பிறகு 2007ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு ‘லான்செட்’ இதழில் வந்தது. 3 வயதுப் பிள்ளைகள் 153 பேர், 8, 9 வயதுப் பிள்ளைகள் 144 பேர். எல்லாரும் சாதாரணப் பிள்ளைகள். சில நாள் சாயமும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த ஜூஸ், சில நாள் வெறும் ஜூஸ். எது எந்த நாள் என்று வீட்டுக்கும் தெரியாது, கவனித்தவர்களுக்கும் தெரியாது. சாயம் கலந்த நாட்களில் துறுதுறுப்பு சராசரியாகக் கொஞ்சம் கூடியிருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்கு ஒன்றுமே ஆகவில்லை.

இந்தக் ‘கொஞ்சம்’தான் சிக்கலே. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, ஆதாரம் பலவீனம் என்றே 2008ல் சொன்னது. ஆனாலும் 2010 ஜூலை முதல் அந்த ஆறு சாயங்களில் எது கலந்திருந்தாலும், குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்று லேபிளில் அச்சடிக்க வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டது. நடந்தது என்ன தெரியுமா? அந்த வரியை அச்சடித்தால் எந்த அம்மா வாங்குவார் என்று பயந்து பல கம்பெனிகள் சாயத்தையே மாற்றிவிட்டன. தடையே போடாமல் ஒரு வரியில் முடிந்த காரியம்!

அந்த ஆறில் டார்ட்ராசின், சன்செட் யெல்லோ, கார்மோசின், பான்சோ 4ஆர் ஆகிய நான்கும் இந்தியாவில் அனுமதிக்கப்பட்டவை. பாக்கெட்டின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் 102, 110, 122, 124 என்று எண்களாக இருக்கும். எச்சரிக்கை வரி கிடையாது. 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டதே, அது ரோடமின்-பி என்ற துணிச்சாயத்துக்காக. அனுமதி இல்லாத சாயம் என்றால் ரெய்டு, அனுமதி உள்ள சாயம் என்றால் ஒரு வரி கூட இல்லை என்பது என்ன நியாயம்? இங்கேயும் அந்த ஒரு வரி வர வேண்டும். விலை பார்த்து வாங்குகிற பெற்றோருக்கு அதுவும் தெரிந்திருக்க வேண்டாமா?

இதைப் படித்துவிட்டு நாளையே பால், கோதுமை, முட்டை என்று வரிசையாக நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. அது இன்னும் ஆபத்து. வளரும் பிள்ளைக்குச் சத்துக் குறைந்துவிடும். கோதுமையால் வரும் சீலியாக் நோய் போன்றவற்றில், டெஸ்ட் எடுக்கும் முன்பே கோதுமையை நிறுத்தினால் ரிசல்ட்டே தப்பாக வரலாம். சந்தேகம் இருந்தால் டாக்டரைக் கேட்டு, ஒரு பொருளை மட்டும் சில வாரம் நிறுத்தி, மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டும். மஞ்சள் கலர் சிப்ஸையும் ஆரஞ்சு கலர் ஜூஸையும் நிறுத்துவதற்கு மட்டும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதில் பிள்ளைக்கு எந்தச் சத்தும் குறையப் போவதில்லை :)