'செஷன் முடிந்துவிட்டது'... மணிக்கணக்கில் டைப் செய்த மனு எங்கே போகிறது? காப்பாற்ற என்ன வழி?

புகார் மனு, வேலைக்கான விண்ணப்பம், ஸ்காலர்ஷிப் படிவம், இன்சூரன்ஸ் க்ளெய்ம்... எல்லாமே இப்போது ஆன்லைனில்தான். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பத்தி பத்தியாக டைப் செய்து 'சப்மிட்' பட்டனை அழுத்தினால், சில நேரம் திரையில் வருவது ஒற்றை வரிதான்: "உங்கள் செஷன் முடிந்துவிட்டது. மீண்டும் லாகின் செய்யவும்." மறுபடி லாகின் செய்து உள்ளே போனால், எழுதிய பெட்டிகள் எல்லாம் காலி!

"சீக்கிரம் முடித்திருக்கணும்", "முதலிலேயே காப்பி எடுத்து வைத்திருக்கணும்" என்று பலரும் தங்களையே நொந்துகொள்கிறார்கள். ஆனால் இது பயன்படுத்துபவரின் தவறா? இணையதளங்கள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன? இதற்கு விதிகள் ஏதும் இல்லையா? பார்க்கலாம்.

செஷன் என்றால் என்ன?

இணையதளத்தின் சர்வருக்கு இயல்பாக ஞாபக சக்தி கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் கொடுக்கும். அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது, முன்பு கேட்டதும் இதே ஆள்தான் என்பது அதற்குத் தெரியாது. இணையத்தின் அடிப்படையான 'ஹெச்.டி.டி.பி' முறை அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

இந்த மறதிக்கு 1994-ல் ஒரு மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மான்டுலி என்ற பொறியாளர் 'குக்கி' என்ற முறையை உருவாக்கினார். லாகின் செய்ததும் சர்வர் ஒரு ரகசிய எண்ணைத் தரும். பிரவுசர் அதைச் சேமித்து வைத்து, ஒவ்வொரு முறையும் சர்வரிடம் காட்டும். சினிமா தியேட்டரில் இடைவேளைக்கு வெளியே போகிறவருக்குக் கையில் முத்திரை குத்தி அனுப்புவது போலத்தான். அந்த எண் செல்லுபடியாகும் காலமே 'செஷன்'.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆன்லைன் கடையில் பாதியில் நிற்கும் கொள்முதல் தொலைந்து போகாமல், அந்த விவரத்தை வாடிக்கையாளரின் கணினியிலேயே வைத்துக்கொள்ள ஒரு வழி தேவைப்பட்டது. குக்கி பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பாதி வேலையைக் காப்பாற்ற வந்த தொழில்நுட்பத்தின் மேல் கட்டப்பட்ட செஷன்தான், இன்று பலரின் பாதி வேலையைத் தொலைக்கிறது.

டைப் செய்துகொண்டே இருந்தாலும் 'டைம் அவுட்' ஏன்?

பலருக்கும் புரியாத இடம் இதுதான். "சும்மா உட்கார்ந்திருக்கவில்லையே, எழுதிக்கொண்டுதானே இருந்தேன்?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அது சர்வருக்குத் தெரியாது.

படிவத்தில் டைப் செய்யும் எழுத்துகள், சப்மிட் அழுத்தும் வரை உங்கள் போனிலேயேதான் இருக்கின்றன. சர்வருக்கு எதுவும் போவதில்லை. கடைசியாக நீங்கள் பக்கத்தைத் திறந்த நேரம் மட்டுமே அதற்குத் தெரியும். நீங்கள் மூச்சு விடாமல் எழுதினாலும் சர்வரின் கணக்கில் 'ஆள் அசையவில்லை' என்றுதான் பதிவாகும். குறிப்பிட்ட நிமிடம் தாண்டியதும், ஆள் போய்விட்டார் என்று கதவைச் சாத்திவிடும்.

இன்னொரு வகையும் உண்டு. என்ன செய்தாலும் சரி, லாகின் செய்து இத்தனை மணி நேரம் ஆனால் வெளியேற்றிவிடு என்ற மொத்தக் கால வரம்பு. பொறுமையாக, நீளமாக எழுதுபவர்கள் இரண்டிலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

எழுதியது எங்கே போகிறது?

சப்மிட் அழுத்தியதும் நீங்கள் எழுதிய மொத்தமும் சர்வருக்குப் போகிறது. சர்வர் முதலில் பார்ப்பது மனுவை அல்ல, அந்த ரகசிய எண்ணை. எண் காலாவதி ஆகியிருந்தால், கூட வந்த எழுத்தைத் திரும்பிப் பார்க்காமல் உங்களை லாகின் பக்கத்துக்குத் தள்ளிவிடும். அந்த நொடியில் எழுத்து கைவிடப்படுகிறது. அதை யாரும் வேண்டுமென்றே அழிப்பதில்லை. வாங்கி வைக்க ஏற்பாடு இல்லை, அவ்வளவுதான்.

செல்போனில் கூடுதலாக ஒரு சிக்கல். ஓ.டி.பி. பார்க்கவோ, கேலரியில் ஒரு சான்றிதழைத் தேடவோ வேறு ஆப்புக்குப் போய்த் திரும்பினால், மெமரி குறைவான போன்களில் பிரவுசர் அந்தப் பக்கத்தையே மூடிவிட்டு மறுபடி லோட் செய்யும். செஷன் உயிரோடு இருந்தாலும், எழுதியது போய்விடும்.

20, 24, 30 நிமிடம்... யார் வைத்த கணக்கு?

பல நேரங்களில் யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த கணக்கு அல்ல. இணையதளம் உருவாக்கும் மென்பொருள்களில் ஏற்கெனவே ஒரு எண் இருக்கும். ஏ.எஸ்.பி. டாட் நெட்டில் 20 நிமிடம், பி.ஹெச்.பி-யில் 1,440 வினாடி அதாவது 24 நிமிடம், டாம்கேட்டில் 30 நிமிடம். மாற்றாமல் விட்டால் அதுவேதான் அமலில் இருக்கும்.

ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுப் போக 20 நிமிடம் தாராளம். நடந்த சம்பவத்தைத் தேதி வாரியாக விளக்கி ஒரு புகார் எழுத, அதுவும் போனில் தமிழில் டைப் செய்ய 20 நிமிடம் போதுமா? 'ஒரே எண் எல்லாப் பக்கத்துக்கும்' என்பதுதான் இங்கே பிரச்னை.

பாதுகாப்புக்கு இது அவசியம்தானே?

அவசியம்தான். அதில் சந்தேகமில்லை. பிரவுசிங் சென்டரிலோ, அலுவலகப் பொதுக் கணினியிலோ ஒருவர் லாக்-அவுட் செய்யாமல் எழுந்து போனால், அடுத்து வந்து உட்காருபவர் கையில் அவருடைய வங்கிக் கணக்கும் ஆதார் விவரமும் சிக்கிவிடும். ரகசிய எண்ணைத் திருடும் மோசடிக்காரர்களுக்கும் குறைந்த நேரமே கிடைக்கும். அதனால்தான் இணையப் பாதுகாப்பு அமைப்பான 'ஓவாஸ்ப்', பணம் போன்ற முக்கிய விஷயங்களைக் கையாளும் தளங்களுக்கு 2 முதல் 5 நிமிடம், ஆபத்து குறைவான தளங்களுக்கு 15 முதல் 30 நிமிடம் என்ற அளவைக் குறிப்பிடுகிறது.

ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கதவைப் பூட்டுவது வேறு, உள்ளே மேசை மேல் இருக்கும் காகிதத்தைக் கிழித்துப் போடுவது வேறு. ஆளை வெளியேற்றுவதற்குப் பாதுகாப்புக் காரணம் இருக்கிறது. எழுதியதைத் தூக்கி எறிவதற்கு அப்படி ஒரு காரணம் இல்லை.

பாதுகாப்பு நிபுணர்களின் வழிகாட்டுதலே இதைச் சொல்கிறது. அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான 'நிஸ்ட்' 2017-ல் வெளியிட்ட அடையாளச் சரிபார்ப்பு வழிகாட்டுதல், நடுத்தரப் பாதுகாப்பு நிலைக்கு 30 நிமிட வரம்பு வைத்தது. அதே ஆவணம், நேரம் முடிவதற்கு முன்பு, உதாரணமாக 2 நிமிடத்துக்கு முன், பயனரை எச்சரியுங்கள் என்றும், மொத்தக் கால வரம்பு முடியும் முன் வேலையைச் சேமிக்கப் போதிய அவகாசம் கொடுங்கள் என்றும் சொல்கிறது. நிமிடக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிடுவது பாதி விதியைப் பின்பற்றுவதுதான்.

அதிகம் இழப்பது யார்?

வேகமாக டைப் செய்பவருக்கு இது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். எல்லோருக்கும் அப்படி இல்லை. திரையைப் படித்துக் காட்டும் மென்பொருளுடன் படிவம் நிரப்பும் பார்வை மாற்றுத்திறனாளிக்கு ஒவ்வொரு பெட்டிக்கும் கூடுதல் நேரம் ஆகும். கை நடுக்கம் உள்ள முதியவர், ஒரு விரலால் தமிழ் எழுத்தைத் தேடித் தேடி அழுத்துபவர், நடுவில் நெட்வொர்க் போய்ப் போய் வரும் ஊரில் இருப்பவர் என எல்லோருக்கும் அதே 20 நிமிடம்தான்.

கடைசித் தேதி மாலையில் விண்ணப்பிப்பவருக்கு மறுபடி எழுத நேரமே இருக்காது. குடும்ப வன்முறை, பாலியல் துன்புறுத்தல் போன்ற புகார்களில் இழப்பு இன்னும் பெரிது. நடந்ததை ஒருமுறை எழுதவே பெரிய மனத் துணிச்சல் தேவை. அதை அழித்துவிட்டு 'மறுபடி எழுதுங்க' என்றால் எத்தனை பேர் எழுதுவார்கள்? எழுதினாலும், இரண்டாவது முறை அதே விவரம் முழுமையாக வருமா?

இதில் நிர்வாகங்கள் கவனிக்காத ஒரு கோணமும் இருக்கிறது. எத்தனை மனுக்கள் வந்தன என்ற கணக்கு, சப்மிட் ஆனவற்றை வைத்துத்தான். பாதியில் தொலைந்து, வெறுத்துப்போய் விட்டுவிட்டவர்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. அதனால் 'இப்படி ஒரு பிரச்னை இருப்பதாகப் புகாரே வரவில்லையே' என்று சொல்வதும் சுலபமாகிவிடுகிறது.

விதிகள் என்ன சொல்கின்றன?

இணையதளங்கள் எல்லோருக்கும் பயன்படும்படி இருக்க வேண்டும் என்பதற்கான உலகளாவிய வழிகாட்டுதல் 'டபிள்யூ.சி.ஏ.ஜி'. இதன் 2.2.1-வது விதி, நேர வரம்பு வைக்கும் தளம் அதை நிறுத்தவோ, பத்து மடங்கு வரை மாற்றவோ பயனருக்கு வசதி தர வேண்டும் என்கிறது. அல்லது, நேரம் முடியும் முன் எச்சரித்து, ஒரே ஒரு தட்டில் நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 வினாடி தர வேண்டும். அப்படிக் குறைந்தது பத்து முறை நீட்டிக்கவும் விட வேண்டும். ஏலம் போன்ற நேரலை நிகழ்வுகளுக்கும், வரம்பு 20 மணி நேரத்தைத் தாண்டும் தளங்களுக்கும் விலக்கு உண்டு. இது மிக அடிப்படையான 'ஏ' நிலை விதி.

மறுபடி லாகின் செய்த பிறகு எழுதியது இழக்கப்படாமல் வேலையைத் தொடர வழி வேண்டும் என்று 2.2.5-வது விதி தெளிவாகவே சொல்கிறது. எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் எழுதியது போகும் என முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்கிறது 2018-ல் சேர்க்கப்பட்ட 2.2.6. ஆனால் இந்த இரண்டும் மிக உயர்ந்த 'ஏஏஏ' நிலையில் வைக்கப்பட்டுள்ளன.

இந்தியாவில் அரசு இணையதளங்களுக்கான 'ஜி.ஐ.ஜி.டபிள்யூ. 3.0' வழிகாட்டுதல், நடுவில் உள்ள 'ஏஏ' நிலையைப் பின்பற்றச் சொல்கிறது. அதாவது, எச்சரித்து நேரத்தை நீட்டிக்க விடுவது அரசுத் தளங்களின் பொறுப்புக்குள் வருகிறது. எழுதியதைக் காப்பாற்றுவது வருவதில்லை. ஓட்டை இருப்பது இங்கேதான்.

நீதிமன்றமும் இந்தத் திசையில் பேசியிருக்கிறது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வை மாற்றுத்திறனாளிகளும் டிஜிட்டல் கே.ஒய்.சி. நடைமுறையில் சந்திக்கும் தடைகள் பற்றிய வழக்கில், நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் அதில் கூறியது. அந்த வழக்கு செஷன் பற்றியது அல்ல. ஆனால் படிவத்தை நிரப்பி முடிக்கவே விடாத தளத்தை 'அணுகக்கூடியது' என்று சொல்ல முடியுமா என்ற கேள்வி அதிலிருந்து இயல்பாகவே எழுகிறது.

சரிசெய்வது அவ்வளவு கஷ்டமா?

தொழில்நுட்ப ரீதியாகப் பெரிய கஷ்டம் இல்லை. ஜிமெயிலில் எழுதும் கடிதம் தானாகவே 'டிராஃப்ட்' ஆகிறது. கூகுள் டாக்ஸில் சேவ் பட்டனைத் தேட வேண்டியதே இல்லை. சில நொடிகளுக்கு ஒருமுறை எழுத்தை சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருப்பதுதான் உத்தி.

எச்சரிக்கையும் தேவை. வரைவை அந்தக் கணினியின் பிரவுசரிலேயே சேமித்தால், பொதுக் கணினியில் அடுத்தவர் படித்துவிடும் ஆபத்து உண்டு. அதனால், லாகின் செய்தவரின் கணக்கிலேயே சர்வரில் சேமித்து, குறிப்பிட்ட நாள்களுக்குப் பிறகு அழித்துவிடுவதே பாதுகாப்பானது. ஆளை வெளியேற்றலாம், எழுத்து அவருக்காகக் காத்திருக்கும்.

பயன்படுத்துபவர்கள் என்ன செய்யலாம்?

* நீளமான மனுவை முதலில் போனின் நோட்ஸ் ஆப்பில் எழுதி, பிறகு படிவத்தில் பேஸ்ட் செய்யவும்.

* நேரடியாக எழுதினால், சப்மிட் அழுத்தும் முன் 'செலக்ட் ஆல்' செய்து காப்பி எடுக்கவும். ஜிபோர்டு கிளிப்போர்டில் பின் செய்யாதவை ஒரு மணி நேரத்தில் அழிந்துவிடும். உடனே நோட்ஸில் பேஸ்ட் செய்து வைப்பது நல்லது.

* 'சேவ் டிராஃப்ட்' பட்டன் இருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தவும். எழுத்து சேமிக்கப்படுவதோடு, நீங்கள் இருப்பதும் சர்வருக்குத் தெரியும்.

* சான்றிதழ், போட்டோ, அடையாள அட்டை எண் எல்லாவற்றையும் லாகினுக்கு முன்பே தயாராக வைத்துக்கொள்ளவும்.

* 'செஷன் முடிந்தது' என்று வந்துவிட்டால் ரீஃப்ரெஷ் செய்யாதீர்கள். முதலில் 'பேக்' அழுத்திப் பாருங்கள். சில தளங்களில் எழுதியது அப்படியே இருக்கும். இருந்தால் உடனே காப்பி எடுங்கள்.

* நேரம் தாண்டிவிட்டது என்று சப்மிட் செய்யும் முன்பே சந்தேகம் வந்தால், எழுதிய பக்கத்தைத் தொடாமல் காப்பி எடுத்துவிட்டு, வேறொரு டேபில் லாகின் செய்யுங்கள்.

* இழப்பு நேர்ந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, தேதி, நேரத்துடன் அந்தத் தளத்தின் உதவி மையத்துக்கு அனுப்புங்கள். கணக்கில் வராத பிரச்னை, அப்போதுதான் கணக்கில் வரும்.

இவை எல்லாம் தற்காப்புதான், தீர்வு அல்ல. அரசு அலுவலக கவுன்டரில் ஒருவர் மனு எழுதிக்கொண்டிருக்கும்போது மணி அடித்துவிட்டது என்றால், 'நாளைக்கு வாங்க' என்று சொல்வார்கள். கையில் இருக்கும் காகிதத்தைப் பிடுங்கிக் கிழிக்க மாட்டார்கள். அந்த மரியாதையை ஆன்லைன் கவுன்டரும் தர வேண்டும் என்பதுதான் இங்கே எழும் கோரிக்கை. எழுதியதைக் காப்பாற்றும் விதி 'இருந்தால் நல்லது' என்ற பட்டியலிலிருந்து 'இருந்தே ஆக வேண்டும்' என்ற பட்டியலுக்கு மாறும் வரை, சப்மிட் அழுத்தும் முன் ஒரு காப்பி எடுத்து வைப்பதே பாதுகாப்பு.